மூளை அலையிலிருந்து பேச்சு: தலைத்தொப்பிக்குக் கேட்பது எது, கேட்காதது எது

வாய் திறந்து பேச முடியாதவரின் மூளை அலைகளைப் பதிவு செய்து, அவர் சொல்ல நினைத்ததைக் கணினி எழுத்தாகவும் குரலாகவும் மாற்றிவிட்டது என்ற செய்தி சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுக்குள்ளே பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர் ஒருவர் படுத்திருக்கும் குடும்பங்கள் செட்டிநாட்டில் குறைவில்லை. அந்த வீடுகளுக்கு இச்செய்தி கைபேசி வழியே வந்துசேரும்போது, "இதை நம் ஐயாவுக்கு வைக்க முடியுமா?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பெரும்பாலானோருக்கு இன்றைய விடை, முடியாது என்பதே. ஏன் முடியாது, யாருக்கு முடிந்திருக்கிறது, தமிழுக்கு வரும்போது என்ன ஆகும் என்பவற்றை அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டும்.

மூளை அலை என்பது என்ன?

நரம்பணு ஒன்று வேலை செய்யும்போது அதைச் சுற்றி மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. ஒற்றை நரம்பணுவின் மின்னோட்டம் தலைக்கு வெளியே தெரியவே தெரியாது. பல்லாயிரக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போதுதான் அவற்றின் கூட்டு மின்னழுத்தம் தலைத்தோல் வரை வந்து எட்டுகிறது. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனிதத் தலையிலிருந்து இதை முதன்முதலாகப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். இ.இ.ஜி. என்று மருத்துவமனைகளில் வழங்கும் சோதனை அதன் வழிவந்தது. தலைத்தோலில் கிடைக்கும் அளவு பொதுவாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான். நெஞ்சில் எடுக்கும் இ.சி.ஜி. ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட், அதாவது ஆயிரம் மைக்ரோவோல்ட் என்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மெல்லியது என்பது விளங்கும்.

தலைத்தோலில் வைத்து இதை எடுக்கும் உறுப்பு மின்முனை. அந்தச் சொல் காரைக்குடிக்குப் புதிதன்று. அவ்வூரில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் அன்றாடப் பேச்சே அதுதான். உடலுக்குள் மின்னோட்டத்தைச் சுமப்பவை உப்பின் அயனிகள். கம்பிக்குள் சுமப்பவை எலக்ட்ரான்கள். இந்த இரண்டும் கைமாறும் இடமே மின்முனை. அதனால்தான் இ.இ.ஜி. மின்முனைக்கு வெள்ளியின் மேல் வெள்ளி குளோரைடு படிந்த வில்லையையும், தோலுக்கும் அதற்கும் இடையில் உப்புப் பசையையும் பயன்படுத்துகிறார்கள்.

இச்சோதனைக்குப் போகிறவரிடம், தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லியனுப்புவார்கள். எண்ணெய்ப்பசை இருந்தால் மின்முனை தோலோடு சேராது. தொழில்நுட்பர் நாடாவால் தலையை அளந்து புள்ளி வைத்து, அந்தந்த இடத்தில் தோலை இலேசாகத் தேய்த்து, இருபதுக்குச் சற்று மேற்பட்ட மின்முனைகளைப் பசையோடு ஒட்டுவார். "கண்ணை மூடுங்கள்" என்றதும், நொடிக்கு 8 முதல் 13 முறை ஏறி இறங்கும் ஆல்ஃபா அலை பின்மண்டைத் தடங்களில் அழகாக எழும். கண்ணைத் திறந்தால் அடங்கிவிடும். பல்லைக் கடிக்கச் சொன்னாலோ, தாடைத் தசையின் மின்சாரம் பாய்ந்து கோடுகளெல்லாம் கிறுக்கலாகிவிடும். பேச்சைப் படிக்க முயல்கிறவருக்கு இதைவிடப் பெரிய தொல்லை இல்லை: பேசும்போது அசைவது அதே தாடைதான்.

தெருவில் நிற்பவரும் வளவில் நிற்பவரும்

செட்டிநாட்டு வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நடுவே வளவு என்னும் உள்முற்றம். உள்ளே கல்யாணம் நடக்கிறது. தெருவில் நிற்பவருக்கு மேளம் கேட்கும். பந்தி நடக்கும் இரைச்சல் கேட்கும். கூட்டம் கலைந்துவிட்டால் அதுவும் தெரியும். ஆனால் வளவின் தூணோரம் ஆச்சி ஒருவர் தம் சம்பந்தியிடம் என்ன சொன்னார் என்பது தெரியாது. தெருவில் இருபது பேரை நிறுத்தினாலும் இருநூறு பேரை நிறுத்தினாலும் தெரியாது. தடுப்பது ஆள் எண்ணிக்கை அன்று, சுவர்.

தலைத்தோலில் படியும்படி மின்முனைகள் பதித்த தலைத்தொப்பியின் நிலை இதுவே. மண்டையோடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உள்ளிருந்து வருவதைப் பரப்பி மழுங்கடித்தே வெளியே விடும். ஆல்ஃபா போன்ற பெரிய, மெதுவான தாளங்கள் தப்பி வெளியே வருகின்றன. பேச்சின் நுணுக்கமோ நொடிக்கு 70 முதல் 150 வரை துடிக்கும் உயர் காமா எனப்படும் வேகமான துடிப்புகளில்தான் பெரிதும் இருக்கிறது. அவை மண்டையோட்டில் மங்கி, மிச்சமிருப்பதும் தசை இரைச்சலில் மூழ்கிப்போகின்றன. மண்டையோட்டைத் திறந்து மூளையின் மேற்பரப்பில் மின்முனைத் தகடு ஒன்றை விரிப்பது, வளவுக்குள் போய் நிற்பதற்குச் சமம். நான்கு மில்லிமீட்டர் சதுரத்துக்குள் ஏறத்தாழ நூறு நுண்ணூசிகள் கொண்ட யூட்டா வில்லையை மூளையின் மேலடுக்கான புறணிக்குள் பதிப்பது, ஆச்சியின் அருகில் போய்க் காதை வைப்பதைப் போன்றது.

செய்தியைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. எங்கிருந்து பதிவு செய்தார்கள்? தலைத்தோலிலிருந்தா, மூளையின் மேற்பரப்பிலிருந்தா, புறணிக்குள்ளிருந்தா? "மூளை அலை" என்ற ஒரே சொல்லுக்குள் இந்த மூன்றையும் போட்டு மூடிவிடுவதிலிருந்தே குழப்பம் பாதி தொடங்குகிறது.

2. அப்போது அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? பிறர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாரா, தாமே உரக்கப் பேசினாரா, பேச முயன்றாரா, மனத்துக்குள் மட்டும் சொல்லிக்கொண்டாரா? மெட்டா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவர் கேட்ட மூன்று நொடிப் பேச்சுத் துண்டு எது என்பதை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளுக்குள்ளிருந்து சராசரியாக 41 விழுக்காடு சரியாகச் சுட்டியது. அது காதில் விழுந்ததைக் கண்டுபிடித்த ஆய்வு; நெஞ்சில் நினைத்ததை அன்று. அதற்குப் பயன்பட்டதும் தலைத்தொப்பி அன்று, மூளையின் காந்தப்புலத்தை அளக்கும், காந்தத் தடுப்பு அறைக்குள் மட்டுமே இயங்கும் பெரிய பொறி. அதே நிறுவனம் 2025இல் தட்டச்சு செய்பவரின் மூளைப் பதிவிலிருந்து எழுத்துகளை ஊகித்தபோது, அந்தக் காந்தப் பொறியில் நூற்றுக்கு 32 எழுத்துகள் பிழையாயின. தலைத்தோல் மின்முனையில் 67.

3. எத்தனை விடைகளுக்குள் தேர்ந்தெடுத்தார்கள்? ஐந்து சொற்களில் ஒன்றைக் கண்டுபிடிப்பதென்றால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 20 விழுக்காடு சரியாக வரும்.

மூன்றாவது கேள்வியோடு ஒட்டிய படிப்பினை ஒன்றை விரிவாகச் சொல்வது தகும், ஏனென்றால் இத்துறையில் திரும்பத் திரும்ப விழுகிற பள்ளம் அது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூயே பல்கலைக்கழகத்தில், வாயசைக்காமல் மனத்துக்குள் சொன்ன சொல்லைத் தலைத்தோல் அலையிலிருந்து கண்டறிய முயன்றார்கள். வானொலித் தொடர்பில் எழுத்துகளுக்கு வழங்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ என்ற ஐந்து சொற்களே களம். தொடக்க முடிவுகள் நம்பிக்கை ஊட்டின. அதே குழுவினர் 2009இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் சொற்களின் வரிசையை மாற்றிப் பார்த்தார்கள். ஒரே சொல்லைத் தொடர்ந்து பலமுறை நினைக்கவைத்து, பிறகு அடுத்த சொல்லுக்குப் போனபோது 45.5 விழுக்காடு சரியாக வந்தது. சொற்களைக் கலைத்துப்போட்டதும் அது குருட்டு ஊகத்தின் அளவுக்கு இறங்கிவிட்டது. கணினி சொல்லைக் கற்கவே இல்லை. பசை மெல்லக் காய்வதையும், அமர்ந்திருப்பவர் சோர்வதையும், அதாவது நேரத்தைக் கற்றிருந்தது. காலையில் வந்தவர்கள் அனைவரும் தேவகோட்டைக்காரர், மாலையில் வந்தவர்கள் அனைவரும் பள்ளத்தூர்க்காரர் என்றால், வாசலில் நிற்பவர் ஊரைச் சொல்ல முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். தம் முந்தைய முடிவைத் தாமே சோதித்து உடைத்துக் காட்டிய அந்தக் குழுவின் நேர்மை பாராட்டத்தக்கது.

பள்ளம் இன்னும் மூடப்படவில்லை. தலைத்தோல் அலையை நேரடியாக வாக்கியமாக்குவதாகச் சொன்ன சில கணினி மாதிரிகளை 2024இல் ஓர் ஆய்வு சோதித்தது. மூளைப் பதிவுக்குப் பதிலாக வெறும் இரைச்சலைக் கொடுத்தபோதும் ஏறத்தாழ அதே மதிப்பெண் வந்தது. மதிப்பிடும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னுள்ள சரியான சொற்களைக் கணினிக்குக் காட்டிக்கொண்டே வந்ததால், மொழிப்பழக்கத்தை வைத்தே அது அடுத்த சொல்லை நிரப்பிவிட்டது. வாக்கியம் இலக்கணமாக வருவதைக் கண்டு மயங்கலாகாது. ஏராளமான எழுத்தைப் படித்து அடுத்த சொல்லை ஊகிக்கும் இன்றைய மொழி மாதிரிகளுக்கு அழகான வாக்கியம் தருவது எளிது. அது அந்த மனிதருடைய வாக்கியமா என்பதே கேள்வி.

உண்மையில் வென்றவை

வென்றவை எல்லாம் மண்டையோட்டைத் திறந்து மின்முனை பதித்தவை. சான்பிரான்சிஸ்கோவில் நரம்பியல் அறுவை மருத்துவர் எட்வர்ட் சாங் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பல்லாண்டுகளுக்கு முன் மூளைத்தண்டில் பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்த ஒருவரின் மூளை மேற்பரப்பில் 128 மின்முனைகள் விரிக்கப்பட்டன. 50 சொற்களுக்குள், நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 சொற்கள் வந்தன. நான்கில் ஒன்று பிழை. 2023இல் அதே குழு 253 மின்முனைகளைக் கொண்டு 1,024 சொற்களுக்குள் நிமிடத்துக்கு 78 சொற்களை எட்டியது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோயால் பேச்சு குலைந்த ஒருவருக்கு நுண்ணூசி வில்லைகள் பதிக்கப்பட்டு, 1,25,000 சொற்களுக்குள் நிமிடத்துக்கு 62 சொற்கள் வந்தன, பிழை 23.8 விழுக்காடு. 2024இல் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 256 மின்முனைகளோடு, அதே 1,25,000 சொல் களத்தில் 97.5 விழுக்காடு சரியாக வந்ததாக அறிவித்தது. உடல்நலமுள்ளவரின் இயல்பான ஆங்கில உரையாடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 சொற்கள்.

இவை எதைப் படித்தன என்பதுதான் முக்கியம். பேச்சுக்கு உரிய இடம் என்று 1861 முதல் பாடப்புத்தகங்களில் சொல்லப்பட்டுவரும் புரோக்கா பகுதியிலும் ஸ்டான்ஃபோர்டு குழு வில்லை பதித்திருந்தது. அங்கிருந்து பயனுள்ள தகவல் கிட்டத்தட்ட ஒன்றுமே வரவில்லை. தகவல் தந்தது நாக்கு, உதடு, தாடை, குரல்வளை ஆகியவற்றுக்கு ஆணை போகும் இயக்கப் புறணி. தமிழ் இலக்கணத்தின் பிறப்பியல், இன்ன எழுத்து நாவின் நுனி அண்ணத்தை வருடப் பிறக்கும், இன்னது இதழ் குவியப் பிறக்கும் என்று சொல்கிறதல்லவா? கணினி படிப்பது அந்தப் பிறப்பியலைத்தான். எண்ணத்தை அன்று, உறுப்புகளுக்குப் போகும் ஆணையை. நோயாளி பேச முயல வேண்டும். முயலும்போது எழும் ஆணை, நரம்பு அறுந்ததால் நாவைப் போய்ச் சேராது, ஆனால் மூளையில் எழும். அதைக் கணினி ஒலியன்களாக, அதாவது சொல்லைக் கட்டும் அடிப்படை ஒலிகளாக ஊகிக்கிறது. ஒலியன் வரிசையை மொழி மாதிரி சொற்களாக்குகிறது.

மனத்துக்குள் சொல்லிக்கொள்வதும் அதே பகுதியில் மங்கலாகத் தெரிகிறது என்று ஸ்டான்ஃபோர்டு குழு 2025இல் காட்டியது. அதிகபட்சமாக 74 விழுக்காடு வரை சரியாக வந்தது. உள்ளத்தில் ஓடுவது கேளாமலே வெளிவந்துவிடாதிருக்க, முன்கூட்டித் தீர்மானித்த ஒரு மறைசொல்லை மனத்துக்குள் சொன்னால் மட்டும் கருவி விழிக்கும் ஏற்பாட்டையும் அவர்களே செய்து பார்த்தார்கள். இது நல்ல பூட்டு. ஆனால் சாவியைச் செய்தவரும் பூட்டைச் செய்தவரும் ஒருவரே என்பதைக் கவனிக்கத்தான் வேண்டும்.

ஐயாவுக்கு ஏன் முடியாது?

பேச்சு போய்விட்டது என்று வீட்டில் சொல்வது இரண்டு வேறு நிலைகளைக் குறிக்கும்.

ஒன்று, மொழி கெட்ட நிலை. பெரும்பாலோருக்கு இடது மூளையில் இருக்கும் மொழிப் பகுதிகளைப் பக்கவாதம் தாக்கும்போது, சொல் தேடிக் கிடைக்காமலோ, கிடைத்த சொல் மாறியோ, பிறர் சொல்வது விளங்காமலோ போகும். அஃபேசியா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. இவர்களுக்கு நாவுக்குப் போகும் ஆணை உருவாகும் முன்பே கோளாறு நேர்ந்துவிடுவதால், ஆணையைப் படிக்கும் கருவிக்குப் படிக்க எதுவும் ஒழுங்காக இருக்காது.

மற்றொன்று, மொழி முழுதாக இருந்து வழி அறுந்த நிலை. மூளைத்தண்டுப் பக்கவாதம், ஏ.எல்.எஸ். ஆகியவை இவ்வகை. மேலே சொன்ன வெற்றிகள் யாவும் இவர்களுக்கு உரியவை. அவையும் ஆய்வுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருசிலருக்கு, மாதக்கணக்கான பயிற்சியோடு. எந்த நிலை என்பதை நரம்பியல் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சோதித்துச் சொல்ல வேண்டும். எழுதிக் காட்டியதை விளங்கிக்கொண்டு கண்ணசைவால் ஆம், இல்லை என்று பிழையின்றிச் சொல்கிறாரா என்பது அச்சோதனையில் ஒரு பகுதி. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல், பக்கவாத நோயாளிகளுக்கு நற்செய்தி என்று மொத்தமாகத் தலைப்பிடுவது பொறுப்பற்ற செயல்.

தமிழுக்கு வந்தால்

மேலே சொன்ன அறுவைச் சிகிச்சை ஆய்வுகள் ஆங்கிலத்தில் நடந்தவை. 2021இல் பங்கேற்ற அதே மனிதரின் தாய்மொழி ஸ்பானியம். 2024இல் சாங் குழு இரு மொழிகளிலும் அவர் பேச முயன்றதைப் படித்து, ஒரு மொழியில் பெற்ற பயிற்சி மற்றொன்றைக் கற்பதை விரைவுபடுத்துகிறது என்று காட்டியது. நாவுக்கும் உதட்டுக்கும் போகும் ஆணை மொழி கடந்தது. அந்த அளவில் தமிழுக்குக் கவலை இல்லை. இடிக்கப்போவது அடுத்த படியான மொழி மாதிரி.

முதலாவது, சொல்லின் கணக்கு. ஆங்கிலத்தில் ஒன்றேகால் இலட்சம் சொற்கள் ஏறத்தாழ எல்லாப் பேச்சையும் அடக்கிவிடும். தமிழில் "வா" என்ற ஒரு வினையே வருகிறேன், வந்தேன், வரமாட்டேன், வந்தாலும், வந்துகொண்டிருந்தபோதே என்று நூற்றுக்கணக்கில் விரியும். ஆகவே சொற்பட்டியலை வைத்துக்கொள்ளாமல், சொல்லின் துண்டுகளைக் கோக்கும் மாதிரி வேண்டும்.

இரண்டாவது, எழுதும் தமிழும் பேசும் தமிழும். மொழி மாதிரி பெரும்பாலும் எழுத்துத் தமிழைப் படித்தே வளர்கிறது. காரைக்குடியில் ஒருவர் நாவசைக்க முயல்வது "அப்பச்சி வந்துட்டாகளா?" என்று; மாதிரி எதிர்பார்ப்பது "அப்பா வந்துவிட்டார்களா?" என்று. இங்கே அப்பச்சி தந்தை, ஆத்தா தாய், ஆயா தாயைப் பெற்றவர். பிற ஊர்த் தமிழை மட்டும் படித்த மாதிரிக்கு ஆயா என்பவர் குழந்தை பார்த்துக்கொள்ள அமர்த்திய பெண். மூளைப் பதிவு ஐயத்துக்கிடமாக இருக்கும் ஒவ்வொரு கணத்திலும் மாதிரி தனக்குப் பழகியதன் பக்கமே சாயும். அப்பச்சி என்று சொல்ல முயன்றவரின் வாயில் அது வேறொரு சொல்லைத் திணிக்கும். அவரால் உடனே மறுக்கவும் முடியாது. ழகரத்தை ளகரமாக ஒலிப்பவர் "வாளப்பளம்" என்றே நாவசைப்பார். அதை வாழைப்பழம் என்று எழுதவும் மாதிரிக்கு அவர் பேச்சு தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஆறுதல், க, ச, ட, த, ப ஆகியவற்றின் வல்லொலி, மெல்லொலி வேறுபாடுகளைத் தமிழ் எழுத்து கண்டுகொள்வதில்லை. அந்த இடத்தில் கணினியின் வேலை சற்றுக் குறைகிறது.

ஆகவே வட்டாரப் பேச்சின் ஒலிப்பதிவுகள் இதற்கு மூலப்பொருள். குரலை மீட்கவும் பழைய பதிவுகளே உதவுகின்றன: சாங் குழுவின் 2023 ஆய்வில் பங்கேற்ற பெண்மணிக்கு, அவருடைய கல்யாண நாள் காணொளியில் பதிவான பேச்சிலிருந்தே குரலை உருவாக்கினார்கள். ஒருவருக்கு ஏ.எல்.எஸ். என்று தெரிந்தவுடன், பேச்சு குலையும் முன்பே அவருடைய குரலைக் கைபேசியில் நிறையப் பதிந்துவைக்க எந்த ஆய்வகமும் தேவையில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவில் மூளை அலை நீதிமன்றம் ஏறியது மருத்துவத்துக்காக அன்று, குற்றப் புலனாய்வுக்காக. உண்மை அறியும் மருந்துச் சோதனை, பொய் கண்டறியும் கருவி, மூளை மின்அலைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவரின் ஒப்புதலின்றி நடத்துவது அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த மூளை மின்அலைச் சோதனை பேச்சைப் படிப்பதில்லை. பழகிய ஒன்றைக் காணும்போது நொடியின் பத்தில் மூன்று பங்கில் எழும் ஓர் அலையைத் தேடுவது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மூளைத் தரவுக்கெனத் தனிப்பிரிவு இல்லை. சிலி நாடு 2021இலேயே அத்தரவுக்கான பாதுகாப்பைத் தன் அரசமைப்பில் சேர்த்துவிட்டது.

இன்று கையில் இருப்பது

மொழி கெடாமல் வழி மட்டும் அறுந்தவருக்கு இன்றே உதவுவது எழுத்து அட்டை. 247 எழுத்துகளையும் ஒரே அட்டையில் நிரப்பினால் கண் தடுமாறும். மெய்யைத் தனியாகவும் உயிரைத் தனியாகவும் இரண்டு அட்டைகளாக்குவது நல்லது. மெய்யெழுத்துகளுக்கு இலக்கணமே மூன்று வரிசை வகுத்துக் கொடுத்திருக்கிறது: வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. பக்கத்தில் இருப்பவர் "முதல் வரிசையா?" என்று கேட்க, நோயாளி இமையை மூடித் திறக்கிறார். பிறகு க, ச, ட, த என்று விரல் நகர்கிறது. நான்காவதில் இமை மூடுகிறது. உயிர் அட்டையில் முதல் எழுத்திலேயே மூடுகிறது. த. அடுத்து மெல்லின வரிசை, அதில் மூன்றாவது. "தண்ணியா?" என்று கேட்டால் போதும், மிச்சத்தை எழுத வேண்டியதில்லை. அஃபேசியா வந்தவருக்கு இந்த அட்டை பயன்படாது. எழுத்தும் அவருக்கு மொழியின் பகுதியே. அவருக்குத் தண்ணீர்ச் செம்பு, மாத்திரை, மின்விசிறி, வீட்டாரின் முகங்கள் ஆகியவற்றின் படங்களை வைத்துச் சுட்டிக்காட்டச் சொல்வார்கள். பேச்சுப் பயிற்சியும் அதோடு நடக்கும்.